ஐந்து கொடி நட்டவர்கள்

முன்னொரு காலத்தில், யூதா நாட்டுக்கு வடக்கே பெத்தோரா என்ற சின்ன மலைநாட்டை யெதீயேல் என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் தன் அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது நகரவாசலில். அசீரியப் பேரரசனுடைய ஏதோ ஒரு சண்டைக்காக ஐந்நூறு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அண்ணன், செருப்பு வாரை இறுக்கிக்கொண்டே, "என் புது வீட்டுக் கூரை பாதியில் நிற்கிறது. மழைக்கு முன்னால் முடித்துவிடு" என்றான். கூரை முடிந்தது, மழையும் பெய்தது. ஐந்நூறு பேரில் நாற்பது பேர் திரும்பினார்கள். அவர்களில் அண்ணன் இல்லை. அப்படித்தான் பட்டம் தம்பிக்கு வந்தது.

அதற்குப் பிறகு ராஜாவின் மனம் ஒரு நிலையில் நின்றதில்லை. காலையில் தேனடை கொண்டுவந்தவனுக்குச் சால்வை போர்த்துவான். மத்தியானம், தேனில் மெழுகு இருந்தது என்று சால்வையைத் திரும்பக் கேட்பான். தூக்கத்தைக் கெடுத்த குற்றத்துக்காக நகரத்துச் சேவல்களையெல்லாம் ஒருமுறை நாடுகடத்தினான்.

இந்த ராஜாவைச் சமாளிக்கத் தெரிந்த ஒரே ஆள் மந்திரி பெராக்கியா. எண்ணெய்ச் செக்கு ஆட்டியவரின் மகன், முழங்கால் வலிக்காரர். செக்கான் மகன் ராஜாவின் வலப்பக்கம் உட்காருவதைப் பார்க்கும்போதெல்லாம் படைத்தலைவன் சப்தாய்க்கு வயிறு எரியும்.

ஒருநாள் அசீரியத் தூதன் நபுசேர் வந்தான். வாற்கோதுமை அறுப்புக்குத் திரும்பி வருவேன், மறுபடியும் ஐந்நூறு பேர் தயாராக இருக்கவேண்டும், இல்லையென்றால் இந்த மதிலில் கல்மேல் கல் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான்.

சபையில் சப்தாய் எழுந்தான்.

"ராஜாவே, நம் மந்திரிதான் எதற்கும் வழி சொல்பவராயிற்றே. ஆளையும் அனுப்பக்கூடாது, முடியாது என்றும் சொல்லக்கூடாது. அதற்கொரு வழி சொல்லட்டும். இல்லாவிட்டால் ஐந்நூறு பேருக்கும் முன்னால் அவரே நடக்கட்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அப்படியே ஆகட்டும் என்றான்.

மந்திரி இரண்டு காரியம் கேட்டார். அரண்மனைத் தோட்டத்தில் கவாத்து செய்து வெட்டிப் போட்ட திராட்சைக் குச்சிகள் எல்லாம் வேண்டும். படை கூடும் நாளில் முன்னோர் வழக்கப்படி கடவுளின் சட்டம் எழுதிய நியாயச் சுருளை ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

"அதை வாசித்து நான் கேட்டதே இல்லையே" என்றான் ராஜா.

"போன தடவையும் வாசிக்கவில்லை, ராஜாவே. அவசரம் என்று விட்டுவிட்டார்கள்."

மறுநாள் ஐந்நூறு வீரர்களும் மண்வெட்டியோடு மேற்குச் சரிவில் இறங்கினார்கள். ஆளுக்கு ஐந்து குச்சி. மந்திரி நொண்டி நொண்டி ஒவ்வொருவரிடமும் போய், நாலு நட்டால் அது வெறும் செடி, ஐந்து நட்டால்தான் பெரியவர்கள் அதைத் தோட்டம் என்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சப்தாய் கோவேறு கழுதைமேல் வந்து நின்று வேடிக்கை பார்த்தான். "ஓய் மந்திரி, அசீரியனைக் கொடியால் கட்டிப்போடப் போகிறீரோ?"

"உமக்கும் ஐந்து குச்சி எடுத்து வைத்திருக்கிறேன், சப்தாய். இறங்கி நட்டுவிடும்."

"வாள் பிடிக்கிற கை இது. சேற்றைத் தொடாது."

"உம் இஷ்டம்" என்றார் மந்திரி.

அறுப்புக் காலம் வந்தது, நபுசேரும் வந்தான். தாடியில் எண்ணெய் மினுங்க, ராஜாவின் பக்கத்தில் மதில்மேல் உட்கார்ந்தான். கீழே ஐந்நூறு பேரும் ஈட்டியோடு வரிசையாக நின்றார்கள். முன்னால் சப்தாய், நெஞ்சை நிமிர்த்தியபடி. அதிகாரி ஒருவர் சுருளை விரித்தார்.

புது வீடு கட்டி இன்னும் குடிபுகாதவன் போருக்கு வரவேண்டாம் என்று முதல் வரி சொன்னது. ராஜா மதில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். கூரை முடியாத வீடு ஒன்று அவன் கண்முன் வந்திருக்கவேண்டும். கீழே ஆறு பேர் விலகினார்கள். பெண் நிச்சயமாகி இன்னும் மணம் முடிக்காதவனும் வரவேண்டாம் என்றது அடுத்த வரி. ஒன்பது பேர் விலகினார்கள். திராட்சைத் தோட்டம் நட்டு இன்னும் அதன் பழத்தை உண்ணாதவனும் வரவேண்டாம் என்றது அடுத்தது.

மிச்சமிருந்த அத்தனை பேரும் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள். புழுதி அடங்கியபோது சப்தாய் ஒருவன்தான் நின்றான்.

நபுசேர் எழுந்துவிட்டான். "என்ன கூத்து இது?"

"கூத்து இல்லை ஐயா, எங்கள் கடவுளின் சட்டம்" என்றார் மந்திரி. "உங்கள் பேரரசருக்குக் கீழ்ப்படிவோம் என்று நாங்கள் சத்தியம் செய்தபோது, எங்கள் கடவுளின் பேரில்தானே ஆணை வாங்கினீர்கள்? அவர் சட்டத்தை மீறச் சொன்னால் அந்த ஆணை அங்கேயே முறிந்துபோகும். முறித்தவர் நீர் என்று ஆகும். உங்கள் தலைநகர் நினிவேயில் போய் அதை எப்படிச் சொல்வீர்?"

நபுசேர் யோசித்தான். குறி பார்க்க அறுத்த ஆட்டின் ஈரலில் ஒரு புள்ளி தப்பி விழுந்திருந்தால் படையெடுப்பையே நிறுத்துகிறவர் அவன் பேரரசர். முறிந்த ஆணையோடு அவர்முன் போய் நிற்பவனுக்குத் தலை மிஞ்சாது.

"எப்போதுதான் பழம் உண்பார்கள்?"

"மூன்று வருஷம் தொடக்கூடாது. நாலாம் வருஷத்துப் பழம் கடவுளுக்கு. ஐந்தாம் வருஷம் வாரும்."

"இவன் ஒருவன் நிற்கிறானே?"

"எங்கள் நாட்டிலேயே பெரிய வீரர்."

"நல்லது. முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது" என்றான் நபுசேர்.

தனக்கும் ஐந்து குச்சி இருப்பதாக மந்திரி சொன்னாரே என்று சப்தாய் முனகினான். அவை காய்ந்துபோயின என்றார் மந்திரி. பிறகு அதிகாரியைப் பார்த்து, "இன்னும் ஒரு வரி இருக்கிறது. அதையும் வாசித்துவிடும்" என்றார்.

பயப்படுகிறவன் எவனோ அவனும் வீட்டுக்குப் போகலாம் என்றது கடைசி வரி.

மதில்மேல் நகரமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. சப்தாய் ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்குள் போனான்.

நபுசேரே சிரித்துவிட்டான். இந்த நாட்டில் இருப்பவர்கள் எல்லாரும் தோட்டக்காரர்கள் என்று களிமண் பலகையில் எழுதிக்கொண்டு கிளம்பினான்.

ஐந்து வருஷம் அந்தச் சரிவில் திராட்சை தின்ன வரும் நரியை ஓட்டும் வேலையை ராஜா சப்தாய்க்குக் கொடுத்தான். உமக்கு என்ன வேண்டும் என்று மந்திரியைக் கேட்டான். முழங்காலுக்கு இதமாக ஒரு கழுதை போதும் என்றார் அவர். ராஜா இரண்டு கொடுத்தான். மறுநாள் மனம் மாறி ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஐந்தாம் வருஷம் ஆள் கேட்டு யாரும் வரவில்லை. நினிவேயில் அரியணைக்காக அசீரியர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். பெத்தோரா இப்போது இல்லை. மேற்குச் சரிவில், திராட்சை மிதித்துச் சாறு எடுக்கப் பாறையில் குடைந்த தொட்டி ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், ஆடுகள் வந்து குடிக்கும்.