ஒரே இடத்திலிருந்து பார்த்த சுவர்

தலை நரைத்த பிறகு மாணவனாகச் சேர்ந்தவர் மாசிலாமணி. குருவுக்கு அவர் மகள் வயது. பெயர் ஜெசிந்தா.

தூத்துக்குடியில் அவர் எழுப்பிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு, லேசர் ஸ்கேனரைச் சுமந்து நடக்கும் ரோபோவோடு வந்தவள் அவள். நாலு கால், முதுகில் சுழலும் கண். ஆட்கள் அதை வெள்ளாடு என்றார்கள். தளம் தளமாக ஏறும், ஓரிடத்தில் நிற்கும், சுற்றிலும் ஒளியை வீசும். எதன்மேல் பட்டு ஒளி திரும்புகிறதோ அது திரையில் புள்ளி புள்ளியாக எழும்பும்.

இந்த வேலையை முதலில் படித்தவன் மாசிலாமணியின் தம்பி தவசிமுத்து. தம்பி கோபித்துக்கொண்டு போன பிறகு அந்த இடத்தில் வேறு ஆளை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. "நானே படிச்சுக்கிடுதேன், டீச்சர்" என்று வந்து உட்கார்ந்தார். டீச்சர் என்று கூப்பிட்டது கேலிக்குத்தான்.

அன்றைய பாடம், ஆட்களைத் துடைப்பது. பழைய ஸ்கேன்களில் சுவரும் குழாயும் மட்டும் மிஞ்ச வேண்டும். குறுக்கே நின்ற ஆள், ஏணி, சிமெண்ட் மூட்டை எல்லாம் திரையை விட்டுப் போக வேண்டும்.

ஆளை விரட்டுவதில் மாசிலாமணிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"நீ போ. நீயும் போலே. வேலை நேரத்துல பீடி கேக்குதோ? போ."

மூன்றாம் தளம், தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவர் வந்தது. விரல் நின்றுவிட்டது.

சுவரை மறைத்துக்கொண்டு தவசிமுத்து நின்றான். புள்ளிகளால் ஆன தவசிமுத்து. பையில் டேப், கட்டின கை, கொஞ்சம் சாய்ந்த தலை. கோபம் வந்தால் அவன் அப்படித்தான் நிற்பான். பேச மாட்டான்.

"டீச்சர், இவனுக்கு முன்னால புகை மாதிரி என்னமோ இழுவிக் கிடக்கே. மிஷின்ல கோளாறா?"

"அது நீங்க, அண்ணாச்சி."

"நானா?"

"குறுக்கும் நெடுக்கும் நடந்துக்கிட்டே கத்துனீங்க. நிக்கிறதுதான் இதுல ஒழுங்கா விழும்."

அன்றைக்கு அவர் கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டது. கட்டட வரைபடத்தின்படி ஆக்சிஜன் குழாய் நேராகப் போக வேண்டும். பீம் இடித்தது என்று தவசிமுத்து தானே அதை வளைத்துவிட்டான்.

"யாரைக் கேட்டு வளைச்சே?"

"உன்னைக் கேட்டா பீம் கூடவும் பேரம் பேசுவே, அண்ணே."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. 'பிடுங்கி எறியுங்கலே அதை' என்று மாசிலாமணி குதித்தார். தம்பி குழாய்க்கு முன்னால் போய் நின்றுகொண்டான். அந்த நேரத்தில்தான் வெள்ளாடு வந்து ஒளியை வீசியது.

"ஒரு பக்கத்திலிருந்து எடுத்தா போதாது அண்ணாச்சி, அந்தப் பக்கமும் ஆட்டை நிறுத்தணும்" என்றாள் ஜெசிந்தா.

"ஒரே இடத்துல நின்னு பாத்தா சுவரு ஓடியா போயிரும்? போதும், ஓட்டிக்கிட்டுப் போ."

வாழ்நாளெல்லாம் பேரம் பேசி ஜெயித்த மனுஷர். அன்றைக்கும் ஜெயித்தார். தவசிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். குழாயைப் பிடுங்க ஒருத்தனுக்கும் கை எழவில்லை. அப்படியே பூசி மூடினார்கள்.

தம்பி இப்போது ஓமனில் ஏதோ கட்டடத்தில் இருக்கிறானாம். அவன் நம்பரை எடுத்துப் பார்ப்பதும் போனைப் பையில் போடுவதுமாக இவர் இருந்தார். முன்பெல்லாம் மேல்தளத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட, தவசி சாரப் பைப்பில் ரெண்டு தட்டு தட்டுவான். இன்றைக்கும் எவனாவது பைப்பைத் தட்டினால் மாசிலாமணி அண்ணாந்து பார்க்கிறார். பிறகு தட்டினவனைத் திட்டுகிறார்.

"இவனையும் அழிக்கணுமா, டீச்சர்?"

"அழிச்சுத்தான் ஆகணும். நாளைக்கு அந்தச் சுவர்ல டிரில் போட வர்றாங்க. குழாய் போற வழியைக் குறிச்சுக் குடுக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திறந்து பார்த்தால், தம்பி இல்லை. தம்பி அளவுக்குச் சுவரில் ஓர் இருட்டு இருந்தது. தலை, தோள், கட்டின முழங்கை. குழாய் அந்தத் தோளில் நுழைந்து இடுப்பில் வெளியே வந்தது. நடுவில் எப்படிப் போனது என்று இல்லை.

"திருப்பிக் கொண்டா! அவனைத் திருப்பிக் கொண்டா, டீச்சர்!"

அவள் கொண்டுவந்தாள். அவர் கேட்டபடி உருவத்தைத் திருப்பியும் காட்டினாள். பின்னால் ஒன்றுமே இல்லை. முன்பக்கம் ஒரு தோல், உள்ளே வெறுமை.

"முதுகு எங்கே?"

"பார்த்த பக்கம் மட்டும்தான் இருக்கும், அண்ணாச்சி."

மாசிலாமணி திரையின் பின்புறம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேரத்துக்கு வந்தார்.

"சரி. இங்கே நுழையுது, அங்கே வருது. நடுவுல நீயே ஒரு கோடு இழுத்திரு."

"இழுக்கலாம். தப்பா இருந்தா டிரில் குழாய்க்குள்ள போகும். நோயாளி மூச்சு அது."

"டிடெக்டர் வை."

"வச்சாச்சு. பூச்சுக்குள்ள கம்பிவலை இருக்கு. எல்லா இடத்துலயும் கத்துது."

"சுவரை உடைச்சிருதேன். என் சுவருதானே!"

"உடைக்கிற உளியும் அந்தக் குழாய்மேலதான் விழும்."

"அப்போ ஆட்டை மறுபடி விடு."

"அது இப்போ பூச்சைத்தான் பார்க்கும்."

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்தார். "வளைச்சவனுக்குத் தெரியும். அவன் கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கான்."

ஜெசிந்தா திரையில் அந்த இருட்டைப் பெரிதாக்கினாள்.

"பிறகு இந்த இருட்டுக்குள்ள எப்படித்தான் பாக்குறது, டீச்சர்?"

இந்த முறை டீச்சரில் கேலி இல்லை.

அவள் எழுந்துபோய்ச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆட்டை எதிரே நிறுத்தச் சொன்னாள். ஒளி சுழன்றது. திரையில் அவளுக்குப் பின்னால் சுவர் கறுத்தது.

ஓர் அடி நகர்ந்து நின்றாள். மறுபடி ஒளி. கறுத்த இடத்தில் சுவர் தெரிந்தது.

பழைய இடத்துக்கே திரும்பினாள். இப்போது ஆட்டை அந்தப் பக்கம் நடத்தச் சொன்னாள். அது டக் டக்கென்று போய் நின்று ஒளியை வீசியது. அதே சுவர் தெரிந்தது.

"என்ன பார்த்தீங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணு நீ நகரணும். இல்லேன்னா ஆடு நகரணும்."

அவள் தலையசைத்தாள்.

மாசிலாமணி பழைய ஸ்கேனைத் திரைக்குக் கொண்டுவந்தார். தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எதிரே அந்தப் புகை.

"தவசி நகர மாட்டான், டீச்சர்" என்றார் மெதுவாக. "சின்னதிலிருந்தே அப்படித்தான். நின்னா நின்ன இடம்தான்."

"அவர் அன்னைக்கே நகர்ந்துட்டார், அண்ணாச்சி. நிக்கிறது நீங்கதான்."