எல் போசோவில் பழந்துணி விருந்து

கனாரித் தீவுகளில் எல் போசோ என்று ஒரு ஸ்பானிஷ் கிராமம். அந்த ஊர்க்காரர்கள் யோசிக்கிற வேலையைச் சமையல்காரி ஃபெர்மினாவிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். திருவிழாவுக்கு முந்தின நாள் பார்த்து, பக்கத்துத் தீவில் மகளுக்குப் பிரசவ வலி என்று ஃபெர்மினாவுக்குச் சேதி வந்தது.

அந்த வருஷம் விழாக் குழுவிலிருந்து தோன் பல்தசார் சாப்பிட்டுப் பார்க்க வருகிறார். ருசியில் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்படி அவரே சொல்லியிருக்கிறார். சாப்பாடு பிடித்தால் திருவிழா எல் போசோவில் தொடரும். இல்லாவிட்டால் புனிதரின் சிலையோடு மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்களுக்குப் புனிதரை விட்டுக்கொடுப்பதா?

ஃபெர்மினா பொறுப்பை எவுசேபியோவிடம் கொடுத்தாள். ஊரிலேயே தண்ணீரைத் தீய்க்காமல் கொதிக்கவைக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

படகு நகர நகரக் கத்தினாள். "எவுசேபியோ! உருளைக்கிழங்கைக் கடல் தண்ணியில வேகவை, தோல் சுருங்கணும்! பெரிய சட்டியில கொண்டைக்கடலையோட பழந்துணி!"

பழந்துணி என்பது அங்கே ஒரு கறியின் பெயர். ஸ்பானிஷில் ரோபா வியேஹா. பிய்த்துப்போட்ட இறைச்சியும் கடலையும் சேர்ந்தது. எவுசேபியோ அதைத் தின்று வளர்ந்தவன்தான். ஆனால் தின்னும்போது அவன் வேறெதுவும் செய்வதில்லை.

"கடல் தண்ணியில வேகணும்னா அடுப்பைக் கடலுக்கு அடியில மூட்டணும்," என்றார் நிக்கனோர். நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் ஊரின் அறிவாளி என்று பெயர் வாங்கியவர்.

"அணைஞ்சிடுமே ஐயா?"

"அப்போ கரையில மூட்டு. கடல் பக்கத்துல வந்து சூடேத்திக்கட்டும்."

கரை நெடுக நெருப்பு மூட்டி, கிழங்கு மூட்டைகளை அலையில் கவிழ்த்தார்கள். நுரை பொங்கியது. "கொதி வந்தாச்சு!" என்று கூட்டம் கைதட்டியது. எவுசேபியோ கையை விட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

"மேலாக்க அப்படித்தான் இருக்கும்," என்றார் நிக்கனோர். "அடியிலதான் சூடு."

கொஞ்ச நேரத்தில் கடல் கிழங்கை எல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. எவுசேபியோ பின்னாலேயே கடலுக்குள் ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று மத்தியானம் வரை துழாவினான். ஒரே ஒரு கிழங்கு கிடைத்தது. அதன் தோல் வழவழவென்று இருந்தது. அவன் விரல்கள்தான் சுருங்கிப் போயிருந்தன.

நிக்கனோர் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் சுருங்கணும்னு சொன்னா. யார் தோல்னு சொன்னாளா?"

"சொல்லலையே."

"அப்புறம் என்ன? ஒரு வேலை முடிஞ்சுது."

அடுத்தது பழந்துணி. இங்கே எவுசேபியோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவன் வாழ்க்கையிலேயே முதல் சந்தேகம்.

"ஐயா, இத்தனை வருஷமா நாம துணியையா தின்னோம்?"

நிக்கனோர் கண்ணை மூடி யோசித்தார். "அதான் பல்லிடுக்குல நார் நாரா மாட்டுச்சு."

சந்தேகம் தீர்ந்தது. ஊர் கூடித் துணி சேர்த்தது. பாதிரியாரின் பழைய அங்கி, பீப்பாய் செய்பவரின் கால்சட்டை, யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு காலுறை. சட்டி பெரிது, பாதிகூட நிறையவில்லை. எல் போசோவில் எவரிடமும் புதுத்துணி கிடையாது. ஆகவே ஆண்கள் அனைவரும் மானத்தைப் பீப்பாய்க்குள் வைத்துக்கொண்டு, உடுத்தியிருந்ததையும் கழற்றிப் போட்டார்கள்.

தோன் பல்தசார் வெல்வெட் கோட்டு போட்டுக்கொண்டு ஃபெர்மினாவின் சமையல்கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பீப்பாய்களுக்குள் நின்று வரவேற்ற ஊரைப் பார்த்து, பழைய நாட்டார் உடை போலிருக்கிறது என்று மெச்சினார். எவுசேபியோ அவர் முன் அந்த ஒற்றைப் பச்சைக் கிழங்கை வைத்து, பக்கத்தில் தன் சுருங்கிய கையை நீட்டினான். அவர் தலையசைத்தார். புரியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்.

பிறகு பழந்துணி வந்தது. அவர் ஒரு சட்டைக்கையை வாயில் போட்டு மென்றார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். எவுசேபியோவின் இதயம் பீப்பாயில் இடித்தது. புனிதர் மலையேறிப் போவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

தோன் பல்தசார் ஒரு பித்தானைத் தட்டில் நாசூக்காகத் துப்பினார்.

"மற்ற ஊர்களில் இறைச்சியைப் போட்டு இந்தக் கறியைக் கெடுத்துவிட்டார்கள்," என்றார். "இதில் உழைக்கும் மக்களின் வியர்வை தெரிகிறது. இதல்லவா பாரம்பரியம்! விழா இங்கேயேதான்!"

பீப்பாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கட்டிக்கொண்டன. எவுசேபியோ தேம்பித் தேம்பி அழுதான்.

"இன்னும் ஒரு தட்டு கிடைக்குமா?" என்று கேட்டார் தோன் பல்தசார்.

ஊர் சட்டியைப் பார்த்தது. அவருக்குப் பரிமாறியது போக ஊரும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றதில் வழித்து வைத்தாற்போல் காலி. ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆண் உடை விருந்தாளி போட்டிருந்த கோட்டுதான். எல்லார் கண்ணும் அதன் மேல் போயிற்று.

நிக்கனோர் நெருங்கி வந்து அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது புதுசு. ஆகாது."

"வந்த விருந்தாளி கேட்டு இல்லைன்னு சொல்றதா?" என்றான் எவுசேபியோ.

"இல்லைன்னு யார் சொன்னா? கோட்டு பழசாகட்டும், போட்டுக்கலாம்."

எவுசேபியோ உடனே கதவைத் தாழிட்டான். அடுப்பு அணையாமல் விறகைத் தள்ளிவிட்டு, சட்டியில் புதுக் கடலையை ஊறவைத்தான். ஊர் முழுக்க தோன் பல்தசாரைச் சுற்றி உட்கார்ந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க ஐயா," என்றான் பணிவாக. "முழங்கைப் பக்கம் லேசா நையற மாதிரி இருக்கு."