ஊதா விளக்கு

"டீச்சர், நாளையிலிருந்து என்னைத் தனியாப் போக விடுங்க" என்றார் இருதயராஜ்.

டீச்சர் பேர் அம்சவேணி. வயது இருதயராஜின் வயதில் பாதி. தென்னாப்பிரிக்காவின் கரூ என்கிற வறண்ட காட்டில் தேளையும் சிலந்தியையும் தேடி இனம் பிரிப்பது அவர் வேலை. இருதயராஜ் ஓய்வு பெற்றபின் கற்றுக்கொள்ள வந்தவர். ஆளுக்கு எதிலும் அவசரம்.

"தேளை எப்படி அடையாளம் சொல்வீங்க அண்ணே?"

"வால் பெருத்து இடுக்கி சிறுத்திருந்தா ஆளைக் கொல்லும். இடுக்கி பெருத்திருந்தா வலியோட போயிடும். இருட்டுல ஊதா விளக்கடிச்சா எல்லாம் பச்சையா மின்னும். என் விளக்குக்குத் தப்பி ஒண்ணும் போகாது."

"அடேயப்பா" என்றார் டீச்சர். சிரிக்கவில்லை.

இருட்டியது. காற்று நின்றுவிட்டது. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

டீச்சர் தள்ளிப் போய், குழிக்கு மண்மூடி போட்டு வாழும் சிலந்தி ஒன்றின் முன்னால் மண்டியிட்டிருந்தார். இருதயராஜ் கால் கடுத்துப்போய், பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது பூட்ஸுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். எதுவும் மின்னவில்லை. கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது அந்தக் காட்டு வழக்கம். கையில் விளக்கு இருக்கும்போது தட்டுவானேன்? மாட்டிக்கொண்டு கயிற்றை இறுக்கினார்.

அப்போதுதான் காலடியில் ஒன்று பச்சையாக மின்னியது.

"டீச்சர்! ஓடி வாங்க! பெருத்த வால்!"

டீச்சர் வந்தார். குனிந்து பார்த்தார். வெறுங்கையால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, கீழ போடுங்க தாயி!"

டீச்சர் ஊதினார். அது உருண்டது.

"வெறும் தோல்."

"அப்பாடா! உயிரே போயிடுச்சு."

"உரிச்சு ரொம்ப நேரம் ஆகலை அண்ணே. இன்னும் ஈரமா இருக்கு. உரிச்ச தேள் எங்கே?"

இருதயராஜ் விளக்கைச் சுற்றி வீசினார். மணல். கல். எங்கும் பச்சை இல்லை.

"போயிருக்கும். இருந்தா மின்னுமே."

"பழைய தோல் மின்னும். புதுத்தோல் இறுகுற வரைக்கும் மின்னாது. விளக்கை அணைங்க, இனி அது உதவாது."

அணைத்தார்.

"தோல் கிடந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"என் பூட்ஸ்."

"தட்டிட்டுத்தானே போட்டீங்க?"



"டீச்சர்" என்றார் இருதயராஜ், மெதுவாக. "கால் பெருவிரல் மேல என்னமோ ஏறுது."