மூன்று முழம் உயர்ந்த பள்ளிக்கூடம்

முன்னொரு காலத்தில், ஆறும் வயலுமாகச் செழித்திருந்த ஒரு நாட்டை மகுடவர்மர் என்ற அரசர் ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் பக்கத்து நாட்டுக்கு விருந்துக்குப் போய் வந்தால் மட்டும் அவரை ஏதாவது ஓர் ஆசை தொற்றிக்கொள்ளும். ஒரு முறை போய் வந்து அரண்மனைக்கு நூறு மயில் வேண்டும் என்றார். இந்தக் கதை நடந்த வருடம் சித்திரையில் போய் வந்தவர், பல்லக்கிலிருந்து இறங்கும்போதே, "அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் இலக்கு இருக்கிறதாம். நம் பள்ளிக்கூடங்களுக்கு என்ன இலக்கு?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. நாட்டில் பதினெட்டுப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

பள்ளிகளுக்குப் பொறுப்பான அமைச்சர் விருத்தகிரி உடனே முன்னால் வந்தார். "அரசே, ஐந்தாண்டுகளுக்கு ஒரு திட்டம் வகுத்துத் தருகிறேன்" என்றார். பதினோரு அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டு குளிர்ந்த மண்டபம் ஒன்றில் ஒரு மாதம் உட்கார்ந்தார். பானகம் குடம் குடமாகப் போயிற்று. நானூறு ஓலைகள் எழுதி முடித்தார்கள். அந்த ஒரு மாதத்தில் பன்னிருவரில் ஒருவர்கூட ஒரு பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்கவில்லை.

திட்டம் அவையில் வாசிக்கப்பட்ட அன்று அரசவை விகடர் வெள்ளியம்பலமும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பதினெட்டு ஆண்டுகளாக அரசரைச் சிரிக்க வைப்பதுதான் அவர் வேலை. வேறு தொழில் தெரியாது.

விருத்தகிரி முதல் ஓலையைக் கையிலெடுத்துக் கம்பீரமாக வாசித்தார். "நம் பள்ளிகள் அனைத்தும் உயர வேண்டும். உயர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்குத் திட்டக் குழுவினராகிய நாங்கள் பன்னிருவரும் தோள் கொடுப்போம்." கீழே பன்னிரண்டு கையொப்பங்கள் இருந்தன.

இருபதாவது ஓலைக்குள் அரசருக்குக் கண் சொருகியது. வெள்ளியம்பலம் மெல்ல எழுந்தார்.

"அரசே, ஒரு சின்னச் சந்தேகம். உயர வேண்டும் என்கிறார் அமைச்சர். எவ்வளவு உயர வேண்டும் என்று சொன்னால்தானே, போய்ச் சேர்ந்தோமா இல்லையா என்று தெரியும்?"

அரசர் விழித்துக்கொண்டு சிரித்தார். அவையும் சிரித்தது. விருத்தகிரிக்கு முகம் சிவந்துவிட்டது. தாம் வாசித்தால் தூங்குகிற அரசர், இந்த விகடர் வாயைத் திறந்தால் சிரிப்பதை அவர் பல வருடமாகப் பொறுத்துக்கொண்டிருந்தவர்.

"மூன்று முழம் என்று வைத்துக்கொள்ளும்" என்றார் எரிச்சலோடு. சொன்ன மாத்திரத்தில் அவருக்கு வேறொரு யோசனை தோன்றியது. "அரசே, அளவு கேட்பவரே செய்தும் காட்டட்டும். பதினெட்டுப் பள்ளிகளில் கடைசி இடம் நாணற்கரைப் பள்ளிக்கு. அதை மூடிவிடலாம் என்பது குழுவின் முடிவு. நாற்பது நாளில் வெள்ளியம்பலம் அதை உயர்த்திக் காட்டினால் மூட வேண்டாம். காட்டாவிட்டால் அந்தப் பள்ளியோடு சேர்ந்து அவரும் விடைபெறட்டும். கஜானாவிலிருந்து எதுவும் கேட்கக் கூடாது. எங்கள் திட்டத்தில் எழுதியிருக்கிறபடியே செய்ய வேண்டும்."

அரசருக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. "சம்மதமா, வெள்ளியம்பலம்?"

மாட்டேன் என்று சொல்ல அவையில் இடமில்லை. "சம்மதம், அரசே. அமைச்சர் சொன்ன சொல் ஒன்றுகூட மாறாமல் எழுதி, தங்கள் முத்திரையை வைத்துத் தர வேண்டும். அது போதும்."

மூன்று முழம் உட்பட எல்லாவற்றையும் எழுத்தர் எழுதினார். முத்திரை விழுந்தது. சிரித்த முகத்தோடு வெளியே வந்த வெள்ளியம்பலம் வீடு போய்ச் சேரும்வரை ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு போனார். நாற்பது நாளில் எந்தப் பிள்ளையை எந்தப் புலவனாக்குவது?

மறுநாள் பரிசல் ஏறி நாணற்கரைக்குப் போனார். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், தாழ்ந்த தரையில் நின்றது பள்ளிக்கூடம். அறுபத்து நான்கு பிள்ளைகள். சொல்லிக் கொடுப்பவர் நாகவல்லி என்ற ஆசிரியை. வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்டுக்கொண்டதும் அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாங்க கடைசின்னு எதை வச்சுங்க சொன்னாங்க?"

"பிள்ளைங்க சரியா வர்றதில்லைன்னு சொல்றாங்கம்மா."

"எப்படிங்க வரும்? ஆடி பொறந்தா ஆத்துத் தண்ணி உள்ள வந்துரும். ஐப்பசி வரைக்கும் சேறு. நாலு மாசம் பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, திரும்பி வர்றப்ப முதல் எழுத்துலேருந்து ஆரம்பிக்கிறேன்."

"அரண்மனைக்கு எழுதலையா?"

"மூணு வாட்டி எழுதினேன். ஆராயப்படும்னு மூணு வாட்டியும் பதில் வந்துச்சு."

வெள்ளியம்பலம் சுவரைப் பார்த்தார். தண்ணீர் நின்று நின்று பழுப்புக் கோடு படிந்திருந்தது. "எவ்வளவு ஒசரம் ஏறும்?"

"ரெண்டு முழம். ரொம்ப மிஞ்சினா ரெண்டரை."

அவர் மடியிலிருந்து அரசாணையை எடுத்து இன்னொரு முறை படித்தார். அப்புறம் மண் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வகுப்பிலிருந்த பிள்ளைகளும், காரணம் தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

"இந்தப் பள்ளிக்கூடத்தை மூணு முழம் ஒசத்தணும்னு ராஜா உத்தரவும்மா."

"நெசமாவா?" என்றார் நாகவல்லி. "அதுக்கு யாரு மண்ணு சுமப்பா?"

"பன்னிரண்டு பேர் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காங்க."

மூன்றாம் நாள், வெள்ளியம்பலம் காட்டிய அரசாணைப்படி, காவல்படைத் தலைவர் செங்கோடன் பன்னிருவரையும் பரிசல்களில் கொண்டுவந்து இறக்கினார். பட்டு அங்கவஸ்திரமும் கையுமாக வந்தவர்களுக்கு முன்னால் பன்னிரண்டு மண் கூடைகள் வரிசையாக இருந்தன.

"இது என்ன கூத்து?" என்றார் விருத்தகிரி. "தோள் கொடுப்போம் என்றால் ஆதரவு தருவோம் என்று பொருள்."

"அமைச்சரே, திட்டத்தில் எழுதியிருக்கிறபடியே செய்ய வேண்டும் என்பது தாங்கள் விதித்த நிபந்தனை" என்றார் வெள்ளியம்பலம் பணிவாக. "ஓலையில் ஆதரவு என்று இல்லை. தோள் என்றுதான் இருக்கிறது."

விருத்தகிரி செங்கோடனைப் பார்த்தார். அவர் ஆணையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குப் பொருள் விளங்காதுங்க ஐயா. முத்திரை விளங்கும்" என்றார்.

தூர்ந்து கிடந்த ஊர்க்குளத்திலிருந்து மண் வந்தது. அமைச்சர் கூடை சுமக்கிறார் என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்த ஊர்க்காரர்கள், அவர் சுமக்கிற அழகைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தாங்களே கூடையைத் தூக்கினார்கள். தச்சர்கள் பழைய தூண்களைப் பிரித்து, பக்கத்தில் எழும்பிய மேட்டின்மேல் மறுபடி நட்டார்கள். முதல் பத்து நாள் அதிகாரிகள் முனகினார்கள். அப்புறம் மண்ணை எப்படி இறுக்குவது, படி எந்தப் பக்கம் வைத்தால் சின்னப் பிள்ளைகள் வழுக்காமல் ஏறும் என்று வாதாட ஆரம்பித்தார்கள். வெள்ளியம்பலத்துக்கு அதைக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. நானூறு ஓலையில் படியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் விருத்தகிரி கஞ்சிக் கலயத்தோடு பழைய சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "இந்தக் கோடு ஒவ்வொரு வருடமும் விழுமா, அம்மா?" என்று கேட்டார்.

"விழும் ஐயா. நாலாவது வாட்டி எழுதலாம்னு இருந்தேன்" என்றார் நாகவல்லி. விருத்தகிரி அதற்கப்புறம் கஞ்சியைத் தலைநிமிராமல் குடித்தார்.

நாற்பதாம் நாள் ஆடி பிறந்து, ஆறு கரை புரண்டு ஓடியது. அரசர் படகில் வந்தார். சுற்றிலும் கலங்கல் தண்ணீர். நடுவே மண் மேட்டில் காய்ந்த தரையோடு பள்ளிக்கூடம், படியோரம் பிள்ளைகள் வந்த பரிசல்கள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் தண்ணீருக்கு மேலே கேட்டது.

விருத்தகிரிக்கு உள்ளூர என்னவோ போலிருந்தாலும், அரசர் முன்னால் தோற்க மனம் வரவில்லை. "அரசே, நான் சொன்னது கல்வியின் உயர்வு. இவர் மண்ணை உயர்த்தியிருக்கிறார்" என்றார்.

அரசர் புருவத்தைச் சுருக்கினார். "அமைச்சர் சொல்வதும் நியாயம்தானே?"

வெள்ளியம்பலம் தச்சர் ஒருவரைக் கைகாட்டி அழைத்தார். "அரசே, கல்வியை முழம் போட்டு அளக்க எனக்குத் தெரியாது. மண்ணை அளக்கத் தெரியும். அளந்து பார்க்கலாம்." தச்சர் அளந்தார். மூன்று முழமும் நாலு விரலும் இருந்தது. "கல்வியைத் தாங்களே பார்த்துக்கொள்ளுங்கள்."

அரசர் ஆசிரியையிடம் திரும்பினார். "எத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்?"

"அறுபத்து மூணு, மகாராஜா. ஒருத்தனுக்கு அம்மை போட்டிருக்கு. போன ஆடியில இதே நாள்ல ஒரு பிள்ளைகூட இல்லை."

அரசர் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டுத் திட்டத்தின் முதல் ஓலையைக் கொடுத்தார். அவள் ஓரிடத்தில்கூடத் தடுக்காமல் கடைசிக் கையொப்பம் வரை படித்தாள்.

"புரிந்ததா, குழந்தாய்?"

"படிக்க வருது மகாராஜா. என்ன செய்யணும்னுதான் இதுல காணோம்."

அரசர் ஓலையைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செங்கோடன் சிரித்தார். தோளைத் தடவிக்கொண்டே பதினோரு அதிகாரிகளும் சிரித்தார்கள். கடைசியாக விருத்தகிரியின் மீசையும் அசைந்தது.

"விருத்தகிரி, உம்முடைய பதவி உம்மிடமே இருக்கட்டும்" என்றார் அரசர். "ஆனால் மற்றப் பதினேழு பள்ளிகளிலும் பள்ளிக்கு மூன்று நாள் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு வந்து புதிய திட்டம் எழுதும். பத்து ஓலைக்கு மேல் போகக் கூடாது."

"அப்படியே செய்கிறேன், அரசே" என்றார் விருத்தகிரி. அந்தக் குரலில் கோபம் இல்லை என்பதை வெள்ளியம்பலம் கவனித்தார்.

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்துக்கு அணிவித்தார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"நாற்பது நாள் தூங்க அனுமதி வேண்டும், அரசே. இடுப்பு போய்விட்டது."

அரசர் மறுபடி சிரித்து அனுமதி கொடுத்தார். வெள்ளியம்பலம் வீட்டுக்குப் போய்ப் படுத்தார். நாலாம் நாள் காலையில் வாசலில் பல்லக்கு வந்து நின்றது. அவையில் மூன்று நாளாக யாரும் சிரிக்கவில்லையாம், அரசருக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம். அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, கொட்டாவி விட்டபடியே பல்லக்கில் ஏறினார்.