அவரைக்கொடியும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தான். வேற யாரு, நான்தான். சிரிக்காம படு. ம் கொட்டுனாதான் சொல்லுவேன்.

"ம்."

அப்போ நீ பொறக்கவே இல்ல. நான் ரயில்வேல ரிட்டயர் ஆகி, திண்டுக்கல்ல வீட்டோட உக்காந்திருந்தேன். ஒருநாள் நெஞ்சுல 'சுருக்'னு ஒரு வலி. நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிருச்சு. ஆட்டோவப் புடிச்சு 'விர்ர்'னு ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துட்டு, "ஐயா, இது வெறும் வாய்வு. பிரஷர்தான் கொஞ்சம் கூட. மாத்திரை போடுங்க, வெளிய காத்தாட நடங்க"ன்னாங்க.

வெறும் வாய்வுன்னா எனக்குக் கோவம் வராதா? அவ்வளவு பேர் முன்னாடி கத்திருக்கேன்! அப்புறம் என்ன, பிரஷர் பாக்குற மெஷின் ஒண்ணு வாங்கிட்டு வந்து கட்டில்ல படுத்தவன்தான். காலைல 'புஸ்ஸ்', மத்தியானம் 'புஸ்ஸ்', ராத்திரி 'புஸ்ஸ்'. மாடிப்படி ஏறுனா உசுரு போயிரும்னு படிப்பக்கமே போகல. கொழம்புல உப்பு கூடன்னு சண்டை, ரசத்துல உப்பு இல்லன்னு சண்டை.

உங்க பாட்டி அன்னலட்சுமி எட்டு மாசம் பொறுத்தா. அப்புறம் ஒருநாள் பைய எடுத்துக்கிட்டா. "தேனில தம்பி வீட்டுக்குப் போறேன். நீங்களும் அந்த மெஷினும் குடும்பம் நடத்துங்க. மாடில மூணு தொட்டி இருக்கு, தண்ணி ஊத்துங்க. அதுவும் செத்துச்சுன்னா நான் எதுக்குத் திரும்பி வரணும்?"

"பாட்டி நெஜமாவே போயிட்டாங்களா?"

நெஜமாத்தான். பஸ் ஏறிட்டா.

அப்போ நான் ஒரு படி ஏறி, நாடியப் புடிச்சுப் பாத்து, இன்னொரு படி ஏறி, மாடிக்குப் போய்ச் சேர அரைமணி நேரம். மொதத் தொட்டி கத்திரி. என் மாத்திரை மாதிரியே அதுக்கும் மூணு வேளை தண்ணி. 'சளக் சளக்'னு தொட்டியே குளமாச்சு. எட்டாம் நாள் வேரு அழுகி, தொப்புனு சாஞ்சிருச்சு.

ரெண்டாவது தக்காளி. வெயில் ஆகாதுன்னு தூக்கிட்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்துல, ஃபேனுக்குக் கீழ வச்சேன். நானும் அதுவும் பேஷண்ட்டு மாதிரி இருந்தோம். அது வெளிறிப்போயி, நூலு மாதிரி நீண்டு, ஒருநாள் அதுவும் போயிருச்சு.

"அப்புறம்?"

அப்புறம் மிச்சம் ஒண்ணே ஒண்ணு. கம்புல ஏறி நின்ன அவரைக்கொடி. பக்கத்து மாடில ஜெசிந்தா டீச்சர் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க. வெக்கத்த விட்டுக் கேட்டேன்.

"டீச்சர், இதுக்கு எத்தன மணிக்கு, எவ்வளவு தண்ணி?"

"மணியப் பாக்காதீங்க சார். மண்ணுல விரல விடுங்க. ஈரமா இருந்தா சும்மா விட்டுருங்க."

அறுபது வயசுல அன்னைக்குத்தான் மொதமொதலா மண்ணுல விரல விட்டேன். மேல சுடுது, உள்ள சில்லுன்னு இருக்கு. ஒரு வாளியக் கவுத்துப்போட்டு உக்காந்தேன். எலைக்கு அடில ஒரு எறும்பு வரிசை. 'ட்விட் ட்விட்'னு ஒரு தையல்சிட்டு. முதுகுல காலை வெயில். கீழ எறங்கிப் பாத்தா மணி பத்து. காலை 'புஸ்ஸ்' மறந்தே போச்சு! மறுநாளும் அப்படித்தான். ராத்திரி படுத்தா தூக்கம் வந்துச்சு, புள்ள. எட்டு மாசமா வராத தூக்கம்.

கொடி ஊதாப் பூ பூத்துப் பிஞ்சு விட்டு, காயும் தொங்குச்சு. அப்போ ஒருநாள் கீழ சாப்டுக்கிட்டு இருக்கேன், மாடில 'தடதடதட'. கொரங்கு! கையக் கூடக் கழுவல. வெளக்கமாத்தத் தூக்கிக்கிட்டு, "ஏய்ய்!"னு ரெண்டு மாடி ஒரே ஓட்டம். கொரங்கு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு பாரு, வேட்டி கீழ படியிலயே அவுந்து கெடக்கு! ட்ரவுசரோட நிக்கிறேன். அந்தக் கோலத்தப் பாத்து அதுவே பயந்து ஓடிருச்சு.

சிரிச்சது போதும், கேளு. கொடி பாதி தப்பிச்சுச்சு. நான் மூச்சு வாங்க நின்னப்பதான் தெரிஞ்சது, ரெண்டு மாடி ஓடியே வந்திருக்கேன்னு. நெஞ்சு 'லப்டப் லப்டப்'னு அது பாட்டுக்கு அடிக்குது. ஒண்ணும் ஆகல. ஜெசிந்தா டீச்சர் மட்டும் அந்தப்பக்கம் திரும்பி நின்னு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க.

அன்னைக்கே தேனிக்கு போன் போட்டேன். பூ, பிஞ்சு, எறும்பு, கொரங்கு, வேட்டின்னு அரைமணி நேரம் பேசுனேன்.

அப்புறம் பாட்டி கேட்டா: "பிரஷர் எவ்வளவு?"

"பாக்கல அன்னம்."

"காலைல மொத பஸ்ல வர்றேன்."

வந்தா. மொத மொதல்ல நானே பொரியல் பண்ணுனேன். பறிக்க மனசில்லாம பாத்துக்கிட்டே இருந்ததுல காயெல்லாம் முத்திருச்சு. அவ மெல்றா, மெல்றா, நார மென்னுகிட்டே இருக்கா. நான் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். தட்ட நீட்டி, "இன்னும் கொஞ்சம் வைங்க"ன்னா.

என்ன, ம் காணோம்? சரி. கதையும் படுத்திருச்சு, நீயும் படு.