ஜமுக்காளத்தில் விழுந்த மடிப்பு

“நிலம் பிளந்திருக்கிற கோடு எங்க ஓடுதுன்னு மட்டும் சொல்லுங்க சுவாமி. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

கேட்டவர் சிங்காரவேலர். வயது அறுபத்து நாலு. பாலம் கட்டி ஓய்வு பெற்றபின், இமயமலை அடிவாரத்துத் தமிழ் மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குருவுக்கு நாற்பதுதான். காவி கட்டுமுன் பாறைகளை ஆராய்ந்தவர்.

மடத்துப் பள்ளியில் நாற்பது சிறுமிகள். தூங்குவது பழைய கல் கூடத்தில். அவர்களுக்கு விடுதி கட்ட வேண்டும்.

சிங்காரவேலர் ஜமுக்காளத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்து விடுதியின் வரைபடத்தை விரித்தார். குரு அதன் ஓரத்தில் பிளவுக் கோட்டை வரைந்து காட்டினார். பக்கத்தில் டீ டம்ளர்.

“போன நிலநடுக்கம் இந்தக் கோட்டுல வந்தது. நம்ம இடம் பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி. இங்க ஒரு ஓடுகூட விழலையாம். அதனால சுவரையெல்லாம் சேத்துப் பிடிக்கிற பெல்ட் கான்கிரீட்டை எடுத்துட்டேன். அதுல மிச்சமாகிற கம்பியில மூணாவது மாடி போட்டுடலாம்.”

சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

குரு எழுந்து மறு கோடிக்குப் போனார். ஜமுக்காளத்தைக் காலால் தள்ளினார். நடுவில் ஒரு மடிப்பு எழுந்தது.

“கோடு தெரியுதா ஐயா?”

“தெரியுது.”

“தள்ளித்தானே உக்காந்திருக்கீங்க?”

“ஆமா சுவாமி.”

நின்ற இடத்திலிருந்தே குரு இன்னும் தள்ளினார். சிங்காரவேலரின் முழங்காலருகே இன்னொரு மடிப்பு எழுந்தது. டம்ளர் கவிழ்ந்து டீ வரைபடத்தில் ஓடியது.

“ஐயையோ, படம் போச்சே!”

“நான் அங்க வரவே இல்லையே.”

சிங்காரவேலர் துண்டால் படத்தை ஒற்றினார்.

“அடுத்தது எங்க வரும்?” குரு கேட்டார்.

“சொல்ல முடியாது சுவாமி.”

“நான் தள்ளுறதை நிறுத்தலைன்னா?”

“எங்கயாவது வரும்.”

“தெக்கேருந்து நம்ம நாட்டு நிலம் இந்த மலையைத் தள்ளுறதை நிறுத்தல ஐயா.”

“அப்ப விடுதியை எங்கதான் கட்டுறது?” சிங்காரவேலருக்குக் கோபம் வந்துவிட்டது.

குரு உயரம் குறைந்த ஓர் அகலமான கிண்ணத்தில் டீ ஊற்றி, டம்ளர் கவிழ்ந்த இடத்திலேயே வைத்தார். திரும்பப் போய்த் தள்ளினார்.

கிண்ணம் ஆடியது. கவிழவில்லை.

சிங்காரவேலர் பென்சிலை எடுத்தார். ஈரப் படத்தில் மூன்றாவது மாடியை அடித்தார். சுவர்களைச் சுற்றி பெல்ட்டை மறுபடி வரைந்தார். குரு திருப்தியாகத் தலையாட்டினார்.

பென்சில் பாதியில் நின்றது.

“சுவாமி, பிள்ளைங்க இப்பத் தூங்குற கல் கூடத்துல பெல்ட்டே இல்லையே. இன்னைக்கே தகரக் கொட்டகையாவது போடணும்.”

சொல்லிக்கொண்டே அவர் வெளியே ஓடினார்.

குருவுக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினார்.