உதடு பார்த்துப் பேசு

"எனக்கு வரவேண்டிய விருது உங்களாலதான் போச்சுக்கா."

டப்பிங் தியேட்டருக்குள் வந்ததும் வராததுமாக இசக்கி சொன்ன முதல் பேச்சு இது. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

ஊரெல்லாம் அவளை மேகனா என்ற சினிமாப் பெயரில் கொண்டாடுகிற காலம். சிறந்த நடிகை விருதுக்குக் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக வந்து நின்றாள். நடிப்பு அவளுடையது, குரல் அவளுடையது இல்லையே என்று நடுவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எல்லோருக்கும் டப்பிங் அக்கா. மேகனாவின் பதினோரு படங்களிலும் பேசியது அவர்தான்.

இசக்கிக்கு ஆறவில்லை. பள்ளிக்கூடத்தில் தன்னை நெட்டைக் கொக்கு என்று கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் படத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாளாம். கை இல்லாத பெண்ணையா பிடித்து வந்தீர்கள் என்று டைரக்டர் கேட்க, யூனிட்டே சிரித்ததாம். குட்டை ஹீரோக்களுக்காகப் புடவைக்குள் முட்டியை மடக்கி நின்றே பாதிக் காதல் காட்சிகளை முடித்தாளாம். இப்போதும் மாடிப்படி ஏறினால் அந்த முட்டி வலிக்கிறது. நடை கற்றாள், அழக் கற்றாள், சும்மா நிற்கவும் கற்றாள்.

"அத்தனையும் என் உடம்பு பட்ட பாடு. அதுல உங்களுக்கு எதுக்குப் பங்கு?"

அக்கா சண்டைக்கு வரவில்லை. இப்போது என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த படத்துக்குத் தானே பேசப்போவதாக இசக்கி சொன்னாள். அவளுடையது கட்டைக் குரல். ஜனங்களுக்குப் பழகிப்போன குரலில் பத்து நாளைக்குள் பேசிக் காட்டு, இல்லாவிட்டால் பழையபடி அக்காதான் என்று தயாரிப்பாளர் கெடு வைத்திருக்கிறார்.

"அந்தக் குரலை எனக்குச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுத்தால் தன் பிழைப்பு போகும் என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? தெரியும். சரி என்றார்.

"குரல் அப்புறம். முதல்ல உதடு பார்க்கத் தெரியணும். நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒண்ணு சொல்லுவேன். உனக்குச் சத்தம் வராது. என் உதட்டுக்கு நீ குரல் குடு."

"அவ்வளவுதானே?"

இசக்கிக்கு ஹெட்போனை மாட்டி மைக் முன்னால் நிறுத்திவிட்டு, அக்கா அடுத்த அறைக்குப் போய் சவுண்ட் இன்ஜினியர் ஞானராஜ் பக்கத்தில் நின்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உதடு மூடித் திறந்தது, மறுபடி மூடித் திறந்தது.

குரலைக் குழைத்துக்கொண்டு இசக்கி சொன்னாள்.

"பேசம்மா."

ஞானராஜின் குரல் ஹெட்போனில் வந்தது.

"ஒன் மோர், மேடம்."

அதே உதடு. அதே அசைவு.

"பொறுமையா?"

அளவு ஏறக்குறைய ஒத்துவந்தது. ஆனாலும் அக்கா தலையை ஆட்டினார், அது இல்லை என்று.

இசக்கிக்குக் கோபம் வந்தது. இன்னும் எத்தனை தரம் பொறுமையாக இருப்பது? பதினோரு படமாகப் பொறுமையாகத்தானே இருந்தாள்?

"ஒன் மோர், மேடம்."

குழைவெல்லாம் போய் அவளுடைய கட்டைக் குரலே வெளியே வந்துவிட்டது.

"என்ன படத்து வசனம்க்கா இது? எனக்கு நீங்க பேசுறப்ப உங்க கையில பேப்பர் இருந்துச்சுல்ல? எனக்கும் குடுங்க. பேப்பர் இல்லாம யாரு பேசுவா?"

அக்கா ஞானராஜைப் பார்த்தார். அவர் கொஞ்சம் தயங்கித்தான் பட்டனை அழுத்தினார்.

"வசனம் இல்லீங்க, மேடம். அவங்க தன்னோட பேரைச் சொல்றாங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அந்த நாலு எழுத்தை அக்கா இன்னொரு தரம், நிதானமாக, சொன்னார்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இசக்கி மைக்கை நெருங்கினாள்.

பதினோரு படம். ஒரு தரம்கூட அவள் அந்தப் பேரைக் கேட்டதில்லை.

அவள் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.